அரிய சரும வியாதியும் அரிய மருந்தும்

தோலில் தோன்றும் வியாதியென்றால் அதனை அற்பமாக எண்ணுவது நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். சொறி, சிரங்கு, படை என்ற மூன்று சொற்களில் ஒரு சாஸ்திரம் முழுவதையும் அடக்கிவிட்டு, வேப்பிலையையோ களிம்பையோ பூசிக்கொண்டு அவரவர் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். தோல் வியாதியால் எவரும் சாவதில்லை யென்பது பொதுஜன அபிப்பிராயம். அது பெரும்பாலும் சரியே, முற்றிலும் சரியன்று.

காலையில் வயலிலோ பள்ளிக்கூடத்திலோ வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருந்த ஒருவனுக்கு அன்றிரவே குளிர் நடுக்கத்துடன் கடுஞ்சுரம் காண்கிறது. தேகம் முழுதும் நெருப்புப் பட்டாற்போற் சிவந்து எரிகிறது. அந்தச் சிவப்பின்மீது குண்டூசித் தலையளவில் நூற்றுக்கணக்கான சீழ்க்கொப்புளங்கள் எழும்புகின்றன. அவை ஒன்றோடொன்று கலந்து சிறு சிறு சீழ்க்குட்டைகளாகின்றன. இரண்டொரு நாளில் அவை காய்ந்து தோல் தகடு தகடாக உரிய, உரிந்த இடத்திலேயே புதிய கொப்புளங்கள் கிளம்புகின்றன. உடலின் நீரும் சூடும் வெளியேறுகின்றன, இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து குறைகிறது, ஈரல் கெடுகிறது, இருதயமும் சுவாசமும் தளர்வதுண்டு. உடல் பரவிய சீழ்க்கொப்புளச் சொரியாஸிஸ் என்று வைத்தியர்கள் இதனைக் கூறுவர். காளாஞ்சகப்படை யென்று நம் நாட்டில் வழங்கும் சாதாரணச் சொரியாஸிஸுக்கு இது உறவு முறையில் நெருங்கியதெனினும், குணத்தில் வேறானது. அது ஆண்டுக்கணக்கில் உபத்திரவம் செய்யும்; இது சில நாட்களில் உயிரையே கேட்கும்.

இதில் வியப்பான விஷயம் ஒன்றுண்டு. அத்தனை கொப்புளங்களையும் குத்தியெடுத்துச் சோதித்தாலும் அச்சீழில் ஒரு கிருமியும் அகப்படாது. படையெடுத்து வந்த பகைவன் எவனுமின்றியே சேனை முழுதும் எல்லையில் வந்து குவிந்து, தன் நாட்டையே கொளுத்துவது போன்றது இது. இந்தச் சேனைக்கு ஆணையிட்டது யார் என்ற வினாவுக்கு விடை காண நூறு ஆண்டுகள் பிடித்தன.

1872-ம் ஆண்டில் வியன்னா நகரத்தின் புகழ்பெற்ற சரும வைத்தியர் ஹெப்ரா, கர்ப்பிணிகளான ஐந்து ஸ்திரீகளுக்கு இத்தகைய கொப்புளங்கள் கண்டதையும், அவர்களில் நால்வர் இறந்ததையும் எழுதிவைத்தார். 1910-ல் லியோ வான் ஸும்புஷ் என்பவர் ஓர் அண்ணன் தங்கையருக்கு, அதாவது ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு, இவ்வியாதி வந்ததைக் குறித்தார். குடும்பத்தில் ஓடும் வியாதி என்ற துப்பு அப்பொழுதே கையில் கிடைத்துவிட்டது. எனினும் அதைப் பின்தொடர்ந்து செல்லக் கருவியும் இல்லை, ஆர்வமும் இல்லை. நோயாளிகளோ மிகச் சிலர். பத்து லட்சம் பேரில் இத்தனை பேர் என்று கணக்கிடும் இனத்தைச் சேர்ந்தது இது. பிரான்ஸில் எடுத்த கணக்கு பத்து லட்சத்துக்கு 1.76 என்றும், ஜப்பானில் எடுத்த கணக்கு 7.46 என்றும் கூறுகின்றன. அத்தனை சிறிய தொகையினரின் துயரத்தை ஆராய்ச்சி செய்ய யார் முன்வருவார்கள்?

முன்வந்தவர்கள் பெரிய வல்லரசின் பெரிய மருந்துச் சாலையினரல்லர் என்பதை நாம் குறிப்பிட விரும்புகிறோம். துனீசியா என்ற சிறிய ஆப்பிரிக்க நாட்டில், ஸ்பாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியின் சரும வைத்தியர் மராக்ஷியும், பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் ஆஸ்மா ஸ்மாஹியும், அவர்களுடைய தோழர்களும் சேர்ந்து, இவ்வியாதி தொடர்ந்து வரும் ஒன்பது துனீசியக் குடும்பங்களின் இரத்தத்தைச் சோதித்தனர். 2011-ல் அவர்கள் கண்ட உண்மை வெளியாயிற்று. லண்டனில் வேலை செய்த மற்றொரு கூட்டத்தாரும் அதே ஆண்டில் தனியாக அதே முடிவுக்கு வந்தனர்.

அவர்கள் கண்டது யாது? சருமத்தின் மேற்படையிலுள்ள அணுக்கள் ஆபத்துக் காலத்தில் இன்டர்லூகின்-36 என்னும் ஒரு தூதுப்பொருளைச் சுரக்கின்றன. அத்தூது போய்ச் சேரும் வாயில் ஒன்றுண்டு. தூது அவ்வாயிலைத் தட்டினால் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. எந்நேரமும் இப்படித் தட்டிக்கொண்டிருந்தால் உடம்பு தாங்காது. ஆகையால் அவ்வாயிலில் தானே போய் அமர்ந்துகொண்டு தூதை உள்ளே விடாமல் தடுக்கும் காவற்பொருள் ஒன்றையும் இயற்கை படைத்திருக்கிறது. துனீசியக் குடும்பங்களில் தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரண்டு மரபணுக்களிலுமே இந்தக் காவற்பொருளுக்குரிய பகுதி பழுதாயிருந்தது. காவலன் இல்லாத வாயிலில் ஒரு சிறு சளிச்சுரமோ, ஒரு மருந்தோ, பிள்ளைப்பேறோ தூண்டுகோலாக அமைந்தால் போதும். வெள்ளையணுச் சேனை கட்டுக்கடங்காமற் புறப்பட்டுவிடுகிறது. நூறாண்டுப் புதிர் இவ்வளவு எளிதாக விளங்கிற்று. பின்னர் ஜப்பானில் நகோயா நகரத்து வைத்தியர்கள், முன்னர்ச் சொரியாஸிஸ் இல்லாமலே இவ்வியாதி கண்டவர்களிற் பெரும்பாலோரிடம் இதே பழுது இருப்பதைக் கண்டறிந்தனர். எல்லா நோயாளிகளிடமும் இப்பழுது காணப்படுவதில்லை யென்பதையும் சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் நம் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேரவேண்டுமென்றால், அவ்விருவரும் ஒரே முன்னோரின் வழிவந்தவராயிருக்கையில் அதற்கு வாய்ப்பு மிகுதி. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உரிமை கொண்டாடி மணம் முடிக்கும் தமிழ்நாட்டில், 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான ஸ்திரீகளில் நாலில் ஒருவருக்கு மேற்பட்டவர் இரத்த உறவினரையே மணந்தவர்கள். உறவு விட்டுப்போகக்கூடாது, சொத்து சிதறக்கூடாது என்பன போன்ற நியாயங்களை நாம் அறிவோம். அந்நியாயங்களுக்கு எதிரில் வைத்து நிறுக்கவேண்டிய எடை இதுவுமொன்று என்று மட்டுமே இங்கே கூறுகிறோம். உறவில் மணந்தவர் எல்லோருடைய மக்களுக்கும் வியாதி வரும் என்று யாரும் பயப்படவேண்டாம், அப்படியன்று. ஆயினும் அரிய வியாதிகளை ஆராய்வதில் மேல்நாட்டைவிட நமக்கே அதிக அக்கறை இருக்கவேண்டுமென்பதற்கு இது ஒரு காரணமாகும்.

மருந்தின் கதைக்கு வருவோம். காவலன் இல்லையென்று தெரிந்தபின் செய்யவேண்டிய காரியம் தெளிவாயிற்று. செயற்கையாக ஒரு காவலனைச் செய்து வாயிலில் நிறுத்திவிட வேண்டும். ஜெர்மானிய மருந்துக் கம்பெனியான போரிங்கர் இங்கல்ஹைம், அவ்வாயிலை அடைக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை உண்டாக்கி ஸ்பெஸோலிமாப் என்று பெயரிட்டது. முதலில் ஏழே நோயாளிகளுக்கு ஒருமுறை மட்டும் இரத்தக்குழாய் வழியாக ஏற்றிப் பார்த்தனர். 48 மணி நேரத்தில் மூவருக்கும், ஒரு வாரத்தில் ஐவருக்கும், இரண்டு வாரத்தில் அறுவருக்கும் கொப்புளங்கள் முற்றும் மறைந்தன. 2019-ல் இது பிரசுரமாயிற்று. ஏழு பேரை வைத்துக்கொண்டு என்ன நிரூபித்துவிட முடியும் என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. ஆகவே பல நாடுகளிலிருந்தும் 53 பேரைத் திரட்டினர். 35 பேருக்கு மருந்தும், 18 பேருக்கு மருந்தில்லாத நீரும் ஏற்றினர். யாருக்கு எது ஏற்றப்பட்டதென்று வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பார்க்கையில் மருந்து பெற்ற 35 பேரில் 19 பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. மற்ற 18 பேரில் அந்நிலையை அடைந்தவர் ஒரே ஒருவர்.

உயிருக்குப் போராடுகிறவனுக்கு வெறும் நீரை ஏற்றுவது தர்மமா என்று நம் நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எட்டாம் நாள் அவர்களும் உண்மையான மருந்தைப் பெற வழி செய்யப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமான சமாதானம் வேறொன்று. தானே வந்து தானே தணியும் குணமுடைய ஒரு வியாதியில், ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த மருந்தையும் நம்பிவிடலாகாது. ஒப்பிட்டுப் பாராத மருந்துகளின் புகழுரைகளை நம் ஊர்ச் சுவர்களில் தினந்தோறும் படித்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை அதிகமாக விளக்கவேண்டியதில்லை. தீமைகளும் மறைக்கப்படவில்லை. முதல் வாரத்தில் தொற்றுவியாதிகள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 17 பேருக்கும் மற்றோரில் நூற்றுக்கு 6 பேருக்கும் வந்தன. 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் இம்மருந்து அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில், 123 பேருக்கு 48 வாரங்கள் மருந்தோ வெறும் ஊசியோ கொடுத்து, வியாதி மீண்டும் சீறாமல் தடுக்க முடியுமா என்று பார்த்தனர். உயர்ந்த அளவு மருந்து பெற்ற 30 பேரில் மூவருக்கே வியாதி சீறியது. வெறும் ஊசி பெற்ற 31 பேரில் 16 பேருக்குச் சீறியது. 2024-ல் பன்னிரண்டு வயது முதற்கொண்டு இதனை உபயோகிக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சாஸ்திரத்தின் வெற்றி இவ்வளவில் பூர்த்தியாகிறது. இனித் தொடங்குவது வியாபாரத்தின் கதை. ஒருமுறை ஏற்றும் மருந்துக்கு அமெரிக்காவில் குறித்த விலை 50,000 டாலருக்கு மேற்பட்டது. நமது நாணயத்தில் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஒருமுறையில் அடங்காவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை ஏற்றவேண்டும்.

இவ்விலைக்குக் கம்பெனியை மட்டும் வைது பயனில்லை. வாங்குகிறவர் சிலரே ஆனால் ஆராய்ச்சிச் செலவு முழுவதையும் அச்சிலரின் தலையிலேயே ஏற்றுவார்கள். இதனை அறிந்துதான் அமெரிக்கர் 1983-ல் அநாதை மருந்துச் சட்டம் என்று ஒன்றை இயற்றினர். இரண்டு லட்சம் பேருக்குக் குறைவானவர்களைப் பீடிக்கும் வியாதிக்கு மருந்து கண்டால் ஏழாண்டு ஏகபோக விற்பனையும் வரிச் சலுகையும் கிடைக்கும். அநாதை என்ற சொல் பொருத்தமானதே. பெற்றவர் இல்லாத குழந்தையைப்போல் விற்பவர் இல்லாத மருந்து. சட்டத்தால் மருந்துகள் பெருகின, விலையும் பெருகிற்று. அதற்குப் பிறகும் வியாபாரக் கணக்கு மாறிவிடவில்லை. இதே வாயிலை அடைக்கும் இமிசிடோலிமாப் என்ற மற்றொரு மருந்தை அனாப்டிஸ்பயோ என்னும் அமெரிக்கக் கம்பெனி செய்து, 45 பேரிடம் சோதித்து, 2023-ல் நல்ல பலன் கண்டது. 15 பேருக்கு உயர்ந்த அளவில் ஒரேமுறை கொடுத்ததில் எட்டுப் பேர் நான்கு வாரத்தில் தேறினர். வெறும் நீர் பெற்ற 15 பேரில் இருவரே தேறினர். இவ்வளவு வெற்றி பெற்றும் அக்கம்பெனி அதைத் தானே விற்க முற்படாமல் 2025-ல் வேறொரு கம்பெனிக்கு உரிமையைக் கொடுத்துவிட்டது. பலன் தராத மருந்தைக் கைவிடுவது இயல்பு. பலன் தரும் மருந்தே கைமாறுவது இச்சந்தையின் இயல்பு.

ஜப்பானியர் வேறு வழி சென்றனர். தீர்த்தற்கரிய வியாதிகளை ஒரு ஜாபிதாவில் சேர்த்து, அந்நோயாளிகளின் செலவிற் பெரும்பகுதியைச் சர்க்கார் ஏற்பது அங்கு 1972 முதல் நடந்துவருகிறது. 2014-ல் அதனைத் தனிச் சட்டமாகவே செய்தனர். நாம் பேசும் வியாதி அந்த ஜாபிதாவில் இருக்கிறது. ஜாபிதாவில் இருப்பதால் நோயாளிகள் எண்ணப்படுகிறார்கள். எண்ணப்படுவதால் சிறு சோதனைகள் நடத்த முடிகிறது. பிற வியாதிகளுக்கென்று செய்த பல எதிர்ப்பொருள் மருந்துகள் இவ்வியாதிக்கும் ஜப்பானில் 2010 முதல் அங்கீகாரம் பெற்றதன் ரகசியம் இதுவே.

நமது நிலை என்ன? 2021-ல் இந்திய சர்க்கார் அரிய வியாதிகளுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022-ல் உதவித் தொகையை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் வியாதிக்கு, மேற்சொன்ன அமெரிக்க விலையில் இரண்டாம் முறை மருந்து ஏற்றுவதற்குள் அத்தொகை தீர்ந்துவிடுமென்பதைச் சாமானியக் கணக்கறிந்தவரும் சொல்லிவிடலாம். நம் நாட்டில் இவ்வியாதி எத்தனை பேருக்கு உண்டு? பிரெஞ்சுக் கணக்கை நம் 140 கோடிக்குப் பெருக்கினால் சுமார் 2,500 பேர். ஜப்பானியக் கணக்கைப் பெருக்கினால் சுமார் 10,400 பேர். தமிழ்நாட்டுக்கு மட்டும் பெருக்கினால் 135 முதல் 575 வரை. இப்படி அயலார் அளவுகோலைக் கொண்டு நம் நோயாளிகளை அளக்கவேண்டியிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. எண்ணிக்கை தெரியாதபோது எந்த மந்திரி எந்தக் கம்பெனியிடம் என்ன பேரம் பேசமுடியும்?

பேடண்ட் உரிமையை மீறிக் கட்டாய அனுமதி கொடுத்து மலிவாகச் செய்யலாமே என்று சில நண்பர்கள் கூறுகின்றனர். 2012-ல் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்தை ஹைதராபாத் நாட்கோ கம்பெனி செய்ய அனுமதி பெற்றதும், மாதம் 2,80,000 ரூபாயாயிருந்த விலை 8,800 ரூபாய்க்கு இறங்கியதும் வாஸ்தவமே. அந்த வெற்றியை நாமும் மறக்கவில்லை. ஆனால் அது மாத்திரை. எதிர்ப்பொருள் மருந்தோ உயிரணுக்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கவேண்டியது. அதற்குப் பெரும் முதலும் பல ஆண்டு உழைப்பும் வேண்டும். ஆயிரக்கணக்கான புற்றுநோயாளிகள் இருந்தால் போட்டுச் செய்வார்கள். சில நூறு பேருக்காக எந்த உள்நாட்டு முதலாளி தொழிற்சாலை எழுப்புவான்? சந்தை யில்லாத இடத்தில் உரிமையைத் திறந்துவிட்டாலும் உள்ளே நுழைபவன் இரான். இந்த ஒரு விஷயத்தில் சர்க்காரே மொத்தமாக வாங்குபவராகவோ, தானே செய்பவராகவோ முன்வந்தாலன்றி வேறு வழி நமக்குப் புலப்படவில்லை.

நம்மால் இதெல்லாம் ஆகுமா என்று அவநம்பிக்கை கொள்வோருக்கு வேறொரு சரும வியாதியின் சரித்திரத்தைச் சொல்லுவோம். பெம்பிகஸ் என்னும் வியாதியில் தோலணுக்களைப் பிணைக்கும் பொருளையே உடம்பு பகையாகக் கருதி அழிக்கிறது. வாயிலும் உடம்பிலும் கொப்புளங்கள் வெடித்துப் புண்ணாகி, முற்காலத்தில் நோயாளிகளிற் பெரும்பாலோர் இறந்தனர். ஸ்டீராய்டு மருந்து வந்தபின் உயிர் பிழைத்தார்கள். ஆனால் தினமும் பெரிய அளவில் உட்கொண்டதால் அம்மருந்தாலேயே எலும்பும் கண்ணும் கெட்டு அவதிப்பட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் பாஸ்ரிச்சா ஒரு புது வழி கண்டார். டெக்ஸாமெதஸோன் 100 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து மூன்று நாள் ஏற்றி, அவற்றில் ஒருநாள் ஸைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் சேர்த்து, 28 நாட்களுக்கு ஒருமுறை இதையே திருப்பிச் செய்தார். இரண்டும் பழைய மருந்துகள், மலிவானவை, ஜில்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பவை. இம்முறை இந்தியா முழுவதும் பரவியது. ஏழைகள் எண்ணற்றோர் பிழைத்தனர். குறையும் உண்டு. இரண்டாவது மருந்து பிள்ளைப்பேற்றைக் கெடுக்கக்கூடியது. ஸ்பெஸோலிமாபைப் போல ஒப்பிட்டுச் சோதித்த சான்றும் இதற்குப் போதுமான அளவு திரட்டப்படவில்லை. மேல்நாட்டார் இதனை அதிகமாகப் பின்பற்றாததற்கு அதுவுமொரு காரணம். அந்தச் சான்றைத் திரட்டாமல் விட்டது நமது தவறேயன்றி அவர்களுடையதன்று.

பின்னர் பிரான்ஸில் 90 பேரிடம் ரிடுக்ஸிமாப் என்னும் மருந்தைச் சோதித்தனர். இரண்டாண்டு முடிவில், அம்மருந்து பெற்ற 46 பேரில் 41 பேர் வேறு சிகிச்சையே வேண்டாத நிலையை அடைந்தனர்; ஸ்டீராய்டு மட்டும் பெற்ற 44 பேரில் 15 பேரே அந்நிலையை அடைந்தனர். 2018-ல் அமெரிக்கா இதனை பெம்பிகஸுக்கு அங்கீகரித்தது. இதே மருந்தின் உள்நாட்டுப் பிரதியை ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி 2007-லேயே விற்கத் தொடங்கிவிட்டதால், நம் வைத்தியர்கள் அதற்காக மேல்நாட்டு விலையை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயில்லை. இரத்தப் புற்றுநோய்க்குச் சந்தை யிருந்தது. அதன் நிழலில் பெம்பிகஸ் நோயாளியும் ஒதுங்கிக்கொண்டான். சீழ்க்கொப்புள நோயாளிக்கு அப்படி ஒதுங்க நிழல் இல்லை. ஆயினும் எதிர்ப்பொருள் மருந்தைச் செய்யும் கைத்திறன் இந்நாட்டில் இருக்கிறதென்பது இதனால் ருசுவாகிறது.

புதிய மருந்து வரும்வரை உயிர்கள் காத்திருக்கமாட்டா. ஸைக்ளோஸ்போரின், அஸிட்ரெடின், மெதோட்ரெக்ஸேட் ஆகிய பழைய மருந்துகளைக் கொண்டே நம் ஆஸ்பத்திரிகளில் இவ்வியாதியுடன் போராடி வருகிறார்கள். இவற்றுள் பின்னிரண்டும் கருவைக் கெடுப்பவை யாதலால் கர்ப்பிணிகளுக்கு ஆகா. அஸிட்ரெடின் உண்ட ஸ்திரீ அதை நிறுத்திய பின்னரும் மூன்றாண்டு கருத்தரிக்கலாகாதென்று அமெரிக்காவில் விதித்திருக்கிறார்கள். ஹெப்ரா கண்ட அந்நால்வரின் ஆபத்து இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

பணம் செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கிறது. சாதாரணக் காளாஞ்சகப்படைக்காரன் ஒருவன் அரிப்பும் செதிலும் தாங்காமல் மருந்துக்கடைக்குப் போகிறான். சீட்டில்லாமலே ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள்; அல்லது யாரோ ஒருவர் ஊசி போடுகிறார். மூன்றே நாளில் தோல் பளபளவென்று ஆகிறது. ஊரெல்லாம் அந்த மருந்தின் புகழ் பரவுகிறது. பணம் தீர்ந்தோ, குணமாயிற்றென்று எண்ணியோ அவன் திடீரென்று நிறுத்துகிறான். அடங்கியிருந்த தீ அப்பொழுதுதான் சீழ்க்கொப்புளமாக வெடிக்கிறது. சொரியாஸிஸுக்கு ஸ்டீராய்டை உட்கொண்டு திடீரென நிறுத்துவது இவ்வியாதியைக் கிளப்பும் தூண்டுகோல்களில் முக்கியமான ஒன்றென்பது சரும வைத்தியர் அனைவரும் அறிந்த விஷயம். வைத்தியர் சீட்டின்றி அம்மாத்திரையை விற்கலாகாதென்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அச்சட்டத்தை அமல் நடத்தும் பொறுப்பு மருந்து இன்ஸ்பெக்டர்களுடையது. நோயாளிகளின் ஜாபிதாவை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிச் சரும வைத்தியப் பகுதியிலும் தொடங்கும் பொறுப்பு மாகாண சுகாதார இலாகாவினுடையது. அதற்கு ஒரு பதிவுப் புத்தகமும் ஒரு குமாஸ்தாவும் போதும். வருகிற வரவு செலவுத் திட்டத்தில் இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறதென்று சட்டசபையில் நம் பிரதிநிதிகள் கேட்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.